கம்பைலரைக் கம்பைல் செய்தது யார்?

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் ஆண்ட்ராய்டிலும் லினக்ஸ் கெர்னலிலும் இன்று ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய பகுதிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மனிதர் படிக்கும்படி எழுதிய மூலநிரலைப் பிராசசர் இயக்கக்கூடிய 0, 1 வரிசையாக மாற்றித் தர ஒரு புரோகிராம் வேண்டும். அதுதான் கம்பைலர். ரஸ்ட்டின் கம்பைலர் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது? ரஸ்ட்டில்தான். ஆக, ரஸ்ட் கம்பைலரை உருவாக்க ஏற்கெனவே ஒரு ரஸ்ட் கம்பைலர் கையில் இருக்க வேண்டும். அதை உருவாக்க அதற்கும் முந்தைய ஒன்று. இப்படியே பின்னோக்கிப் போனால் எங்கே போய் நிற்போம்?

டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. ஒரு கட்டளையைத் தட்டினால் சில நிமிடங்களில் கம்பைலர் கணினிக்கு வந்துவிடுகிறது. அவர்களுக்காக வேறு சிலர் இந்தக் கேள்வியை முன்பே கேட்டு, விடையும் கண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு நிரல்மொழியைக் கட்டற்ற இயங்குதளத்துக்கு ஏற்ற பொதியாகக் கட்டித் தரும் தன்னார்வலர்கள் அவர்கள். மூலநிரல் திறந்து கிடப்பதால் மட்டும் ஒரு மென்பொருள் நம்முடையது ஆகிவிடாது. அந்த மூலநிரலிலிருந்து அதை நாமே மறுபடி கட்டவும் முடிய வேண்டும். முடிகிறதா என்று கட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள் இவர்கள்தான்.

பொதிக்குள் இருக்கும் வாக்குறுதி

டெபியனை 1993ல் இயன் மர்டாக் தொடங்கினார். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் அது இன்றுவரை நடக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான 'டிரிக்ஸி' என்ற பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருக்கின்றன. உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்ததுதான். சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் மீது எழுப்பப்பட்டதே. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இருந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள்.

ஒரு பொதிக்குள் இயக்கத் தயாரான கோப்புகள் இருக்கும். அவை எந்த இடத்தில் அமர வேண்டும், இயங்குவதற்கு வேறு எந்தெந்தப் பொதிகள் துணை வேண்டும், பிறகு எப்படி நீக்குவது என்ற விவரங்களும் கூடவே இருக்கும். டெபியன் பொதிக்கு இவற்றுக்கு மேலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. இயங்கும் கோப்பு ஒவ்வொன்றும் அதன் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டுவதற்குத் தேவையான கருவிகளும் டெபியனுக்குள்ளேயே இருக்க வேண்டும். கட்டும் நேரத்தில் இணையத்திலிருந்து எதையும் இறக்கிக்கொள்ளக் கூடாது. புதிதாக வரும் பொதியில் ஒவ்வொரு கோப்பும் யாருடைய உரிமையில், எந்த உரிமத்தின் கீழ் வருகிறது என்று பார்த்த பிறகே அது உள்ளே அனுமதிக்கப்படும்.

இந்த விதிகளின் வேர் 1997ல் டெபியன் தன் பயனர்களோடு செய்துகொண்ட சமூக ஒப்பந்தத்தில் இருக்கிறது. எங்கள் இயங்குதளம் முழுவதும் கட்டற்றதாகவே இருக்கும் என்று அதில் டெபியன் வாக்குக் கொடுத்தது. ஒரு விளையாட்டையோ படம் வரையும் மென்பொருளையோ பொதியாக்கும்போது இந்த விதிகளுக்கு இணங்குவது பெரும்பாலும் எளிது. நிரல்மொழியைப் பொதியாக்கும்போது ஒவ்வொரு விதியும் ஒரு மலையாக எழுந்து நிற்கிறது. முதல் மலை, தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளும் கம்பைலர்.

உறைமோர் எங்கிருந்து வந்தது?

பால் தயிராக வேண்டுமென்றால் உறைமோர் ஊற்ற வேண்டும். உறைமோர் நேற்றைய தயிரிலிருந்து வருகிறது. நேற்றைய தயிர் அதற்கு முந்தைய நாளின் உறைமோரிலிருந்து. ரஸ்ட் கம்பைலரும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வருகிறது.

கிரேடன் ஹோர் என்ற நிரலாளர் 2006ல் ரஸ்ட்டைத் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். 2009 முதல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா நிறுவனம் அதற்குத் துணை நின்றது. முதல் கம்பைலரை அவர் ஓகேமல் என்ற வேறொரு மொழியில் எழுதினார். பிறகு ரஸ்ட்டிலேயே புதிய கம்பைலர் எழுதப்பட்டது. 2011ல் அது தன்னையே கம்பைல் செய்துகொண்டது. ஓகேமல் கம்பைலருக்கு அதன் பிறகு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு மொழி தன் கம்பைலரைத் தானே தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பதற்கு அது சான்று. ஆனால் அன்றிலிருந்து சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் மறுபடி தொடங்க வழியில்லை என்ற நிலையும் வந்தது.

ரஸ்ட்டின் ஒவ்வொரு பதிப்பையும் அதற்குச் சற்று முந்தைய பதிப்பைக் கொண்டுதான் கட்ட முடியும். 1.85ஐக் கட்ட 1.84 வேண்டும். கட்டுமானமும் ஒரே மூச்சில் முடிவதில்லை. பழைய கம்பைலர் புதிய மூலநிரலைக் கம்பைல் செய்து ஒரு கம்பைலரைத் தருகிறது. புதிய கம்பைலர்தான் என்றாலும் பழைய கையால் செய்தது அது. எனவே அதைக் கொண்டு அதே மூலநிரலை இன்னொரு முறை கம்பைல் செய்கிறார்கள். இரண்டாம் சுற்றில் கிடைப்பதுதான் பயனர்களுக்குப் போகிறது.

டெபியனின் விதியோ, கட்டும் கருவியும் டெபியனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. முதல் ரஸ்ட் பொதி உள்ளே வருவதற்கு முன் டெபியனுக்குள் ரஸ்ட் ஏது? அதனால் முதல் முறை மட்டும், ரஸ்ட் குழு கட்டி வெளியிட்ட இயங்கும் கோப்பை உறைமோராகக் கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு டெபியன் தன் சொந்தக் கம்பைலரைக் கொண்டே அடுத்த பதிப்பைக் கட்டிக்கொள்ளலாம். புதிய வகைப் பிராசசருக்கு ரஸ்ட்டைக் கொண்டுபோகும்போது இதே சிக்கல் மறுபடி முளைக்கும். அப்போது வேறு வகைக் கணினியில் உட்கார்ந்து, புதிய பிராசசருக்கான கம்பைலரை அங்கிருந்தே கட்டி அனுப்புவார்கள். பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பதால் பொதி பராமரிப்பவர் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டே வர வேண்டும். சில பதிப்புகள் பின்தங்கினால் அத்தனை படிகளையும் ஒவ்வொன்றாக ஏறித்தான் தீர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கள்ளம்

முதல் உறைமோரை யாரோ கொடுத்தார்கள், தயிர் நன்றாக இருக்கிறது, அதோடு விட்டுவிடலாமே என்று தோன்றலாம். விடக் கூடாது என்பதற்கான காரணத்தைச் சொன்னவர், யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன். டென்னிஸ் ரிட்சியோடு அவருக்கு 1983ம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. விருதை ஏற்று அவர் ஆற்றிய உரை 1984ல் அச்சில் வந்தது. கணினிப் பாதுகாப்பு படிக்கிற எவரும் இன்றுவரை தவறவிடாத உரை அது.

அவர் காட்டிய சூழ்ச்சி இரண்டு அடுக்கு கொண்டது. ஒருவர் கம்பைலருக்குள் ஒரு சிறு துண்டைச் செருகுகிறார். பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போதெல்லாம் அந்தத் துண்டு ஒரு கள்ளச் சாவியைச் சேர்த்துவிடும். கடவுச்சொல் புரோகிராமின் மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் கள்ளம் தெரியாது. கம்பைலரின் மூலநிரலைப் படித்தால் தெரிந்துவிடுமே? அதற்குத்தான் இரண்டாம் அடுக்கு. கம்பைலர் தன்னையே கம்பைல் செய்யும்போது, இந்த இரண்டு துண்டுகளையும் புதிய கம்பைலருக்குள் தானாகவே சேர்த்துவிடும். இனி மூலநிரலில் அந்த வரிகள் தேவையில்லை, அழித்துவிடலாம். கம்பைலரின் மூலநிரல் பளிங்குபோலத் தூய்மையாக இருக்கும். இயங்கும் கோப்பில் மட்டும் கள்ளம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். நீங்களே முழுவதுமாக எழுதாத நிரலை மூலநிரல் பார்த்து மட்டும் நம்பிவிட முடியாது என்பது தாம்ப்சன் வந்தடைந்த முடிவு.

மூலநிரலுக்கும் இயங்கும் கோப்புக்கும் நடுவில் உள்ள பாதையில் கள்ளம் நுழைய முடியும் என்பதை 2024 மார்ச் மாதம் உலகம் நேரில் கண்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவிக்குள் ஒருவர் பின்கதவு ஒன்றை வைத்திருந்தார். தீய நிரலைத் தட்டி எழுப்பும் வரி, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டித் தரப்பட்ட கோப்பில் மட்டும் இருந்தது. டெபியனின் வளர்ச்சிநிலைப் பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்த ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று விடாமல் தோண்டியதில் பின்கதவு அகப்பட்டது. டெபியனின் நிலைப்பதிப்புக்குள் அது நுழைவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது.

இத்தகைய ஆபத்துக்கு எதிராக டெபியன் 2013லேயே ஒரு பெருவேலையைத் தொடங்கியிருந்தது. ஒரே மூலநிரலை இரண்டு வெவ்வேறு கணினிகளில், வெவ்வேறு நேரத்தில் கட்டினாலும் கிடைக்கும் கோப்புகள் ஒரு பிட்கூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. கட்டிய நேரம், கோப்புகளை அடுக்கிய வரிசை, கோப்புறையின் பெயர் போன்றவை இயங்கும் கோப்புக்குள் ஒட்டிக்கொள்வதால் கேட்பதற்குத் தோன்றும் அளவுக்கு இது எளிதாக இல்லை. ஆயிரக்கணக்கான பொதிகளில் இந்த ஒட்டல்களைத் தேடித் தேடி நீக்கியிருக்கிறார்கள். இதனால் யாரிடமும் அனுமதி கேட்காமல், எவரும் தம் கணினியில் கட்டி, டெபியன் தரும் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மிளகாய்க் காம்பும் 357 பைட்டும்

உறைமோரே இல்லாத வீட்டில் வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டுத் தயிர் உறைய வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ரஸ்ட் சங்கிலிக்கும் அப்படி ஒரு தொடக்கம் கிடைத்தது. எம்ரஸ்ட்சி என்ற கம்பைலரை ஒரு நிரலாளர் சி++ மொழியில், ரஸ்ட்டின் துணை சிறிதும் இல்லாமல் எழுதினார். அது ரஸ்ட் மூலநிரலைச் சி மொழிக்கு மாற்றும். பிறகு ஜிசிசி என்ற புகழ்பெற்ற கம்பைலர் அதை இயங்கும் கோப்பாக்கும்.

ஒரு பெரிய மொழியின் கம்பைலரைத் தனியாக எழுதுவது எப்படிக் கூடிற்று? ரஸ்ட் கம்பைலரின் வேலையில் ஒரு முக்கியப் பங்கு, நிரலாளர் செய்யும் நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிப்பது. எம்ரஸ்ட்சி அந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. தன்னிடம் வரும் நிரல் சரியானது என்று எடுத்துக்கொண்டு மொழிமாற்றம் மட்டும் செய்கிறது. அதற்குக் கொடுக்கப்படுவது ரஸ்ட் கம்பைலரின் மூலநிரல். அது ஏற்கெனவே முறையான கம்பைலரால் சோதிக்கப்பட்டது. அதனால் இந்த விட்டுக்கொடுத்தலில் ஆபத்து இல்லை. வேலையை எங்கே குறைக்கலாம் என்பதை அறிந்த கூர்மை இது.

கீக்ஸ் என்ற இன்னொரு கட்டற்ற இயங்குதளத்தின் குழு 2018ல் எம்ரஸ்ட்சியைக் கொண்டு ரஸ்ட் 1.19ஐக் கட்டியது. அங்கிருந்து 1.20, 1.21 என்று படிப்படியாக ஏறி அன்றைய பதிப்பை அடைந்தது. வெளியிலிருந்து வந்த ரஸ்ட் இயங்கும் கோப்பு எதுவும் அந்த ஏணியில் இல்லை.

அப்படியானால் ஜிசிசியை எது கட்டியது என்று அடுத்த கேள்வி எழும். கீக்ஸ் குழுவும் அவர்களோடு சேர்ந்த வேறு திட்டத்தாரும் அந்தக் கேள்வியையும் விடவில்லை. 2023 ஏப்ரலில் அவர்கள் அறிவித்த சாதனையைக் கேட்டால் வியப்பு அடங்காது. 22,000க்கும் மேற்பட்ட பொதிகள் கொண்ட இயங்குதளத்தை, 357 பைட் அளவுள்ள ஒரே ஒரு இயங்கும் புரோகிராமிலிருந்து தொடங்கிக் கட்டியெழுப்பினார்கள். இரண்டு மூன்று குறுஞ்செய்தி அளவே உள்ள விதை அது. அது செய்வதெல்லாம், பதினாறின் அடிமான எண்களாக எழுதிய உரையைப் படித்து அவற்றுக்குரிய பைட்டுகளை எழுதுவது மட்டும். ஒரு மனிதர் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால், அந்த 357 பைட்டுகளில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தாமே சரிபார்த்துவிடலாம்.

அந்தச் சிறு புரோகிராம் தன்னைவிடச் சற்றே திறமையான இன்னொன்றைக் கட்டுகிறது. அது அடுத்ததை. இப்படி ஒரு எளிய அசெம்பிளர் கிடைக்கிறது. அதிலிருந்து சி மொழியின் ஒரு சிறு பகுதியை மட்டும் அறிந்த கம்பைலர் பிறக்கிறது. அடுத்து வருவது, யான் நியூவென்ஹைசன் தொடங்கிய மெஸ் என்ற கருவி. அது டைனி சி கம்பைலரைக் கட்டுகிறது. டைனி சி, ஜிசிசியின் மிகப் பழைய பதிப்பைக் கட்டுகிறது. பழைய ஜிசிசி புதியதைக் கட்டுகிறது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெர்னலும் கட்டுமானத்தை நடத்தும் கருவி ஒன்றும் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. மற்ற அனைத்தும் படிக்கக்கூடிய மூலநிரலிலிருந்து வருகின்றன. இந்த முயற்சி தொடங்குவதற்கு முன் இதே இடத்தில் ஏறத்தாழ 250 மெகாபைட் இயங்கும் கோப்புகளை நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியிருந்தது. தாம்ப்சன் சொன்ன கள்ளம் ஒளிந்துகொள்ள அவ்வளவு இடம் இருந்தது. இப்போது ஏறக்குறைய இல்லை.

ஆறு வாரமும் இரண்டு ஆண்டும்

ரஸ்ட்டின் முதல் முழுப் பதிப்பு 2015 மே மாதம் வந்தது. அன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. டெபியனின் நிலைப்பதிப்போ ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வந்த பிறகு அதில் உள்ள பொதிகளின் பதிப்பு மாறாது. பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியப் பிழைத் திருத்தங்களும் மட்டும் சேரும். மருத்துவமனையிலும் வங்கியிலும் ஆய்வுக்கூடத்திலும் ஓடும் கணினிகளுக்கு இந்த மாறாமைதான் வேண்டும். நேற்று ஓடியது இன்றும் அப்படியே ஓடும் என்ற உறுதி அவர்களுக்கு உயிர்நாடி.

2023 ஜூனில் டெபியன் 12 வெளியானபோது அதில் இருந்தது ரஸ்ட் 1.63. வெளியே அப்போது 1.70 வந்திருந்தது. பல நிரலாளர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த 1.63ஐ நம்பி, ரஸ்ட்டில் எழுதிய மற்றப் பொதிகளெல்லாம் கட்டிச் சோதிக்கப்பட்டிருந்தன. ஒன்றை மாற்றினால் அவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

உண்மையான நெருக்கடி ஃபயர்ஃபாக்ஸ் வழியாக வருகிறது. 2016 முதல் அதற்குள் ரஸ்ட் நிரல் இருக்கிறது. உலாவியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் பயனர்களைக் காக்கப் புதிய உலாவியைக் கொடுத்தே ஆக வேண்டும். புதிய உலாவியைக் கட்டப் புதிய ரஸ்ட் வேண்டும். புதிய ரஸ்ட்டுக்கு, பிராசசருக்கான கட்டளைகளை இறுதியில் உருவாக்கும் எல்எல்விஎம் என்ற அடித்தளத்தின் புதிய பதிப்பு வேண்டும். மாறக் கூடாத நிலைப்பதிப்புக்குள் இத்தனையையும் எப்படிக் கொண்டுவருவது? பராமரிப்பாளர்கள் கண்ட வழி, உலாவியைக் கட்டுவதற்கென்றே புதிய ரஸ்ட் கம்பைலரை வேறு பெயரில் தனிப் பொதியாக வைப்பது. மற்றவர்களின் பழைய கம்பைலர் அசையாமல் தன் இடத்தில் இருக்கும். உலாவியும் பாதுகாப்பாக இருக்கும். இதற்காகக் கம்பைலரை இன்னொரு முறை கட்டும் உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

நூறு துண்டுகளை ஒன்றாய்க் கட்டுதல்

கம்பைலர் வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று ஆகாது. ரஸ்ட்டில் எழுதிய சிறு கருவிகூட மற்றவர்கள் எழுதிய பல சிறு லைப்ரரிகளைச் சார்ந்திருக்கும். அவை வேறு சிலவற்றைச் சார்ந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் நூறைத் தாண்டுவது சாதாரணம். நிரலாளர் தம் கணினியில் கட்டும்போது கார்கோ என்ற கருவி இவற்றையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கித் தந்துவிடும். டெபியனில் கட்டும்போது இணையம் கிடையாது. எனவே அந்த லைப்ரரிகள் ஒவ்வொன்றும் முதலில் தனித்தனிப் பொதியாக டெபியனுக்குள் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உரிமம் பார்க்க வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம்? 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் நடந்தது இதற்கு விடை சொல்லும். லெஃப்ட்-பேட் என்ற 11 வரி லைப்ரரியை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். சற்று நேரத்திலேயே உலகெங்கும் ஆயிரக்கணக்கான புரோகிராம்களைக் கட்ட முடியாமல் போயிற்று. கட்டுவதற்குத் தேவையான அனைத்தும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று டெபியன் கேட்பதால் இப்படி ஒரு நாள் அதற்கு வராது.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. சி மொழியில் ஒரு லைப்ரரியின் ஒரே பிரதியைப் பல புரோகிராம்கள் இயங்கும்போது பகிர்ந்துகொள்ளும். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்ப்ளீட் என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டபோது, டெபியன் அந்த ஒரு லைப்ரரியைத் திருத்தி அனுப்பியது. அதைப் பகிர்ந்துகொண்ட புரோகிராம்களை நிறுத்தி மறுபடி தொடங்கியதும் அத்தனைக்கும் திருத்தம் போய்ச் சேர்ந்தது. 2002ல் இசட்லிப் என்ற சுருக்கும் லைப்ரரியில் குறை தெரிந்தபோது அது அவ்வளவு எளிதாக இல்லை. பல புரோகிராம்கள் அதன் நிரலைத் தங்களுக்குள்ளேயே பிரதி எடுத்து வைத்திருந்தன. எதில் எல்லாம் இருக்கிறது என்று தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

ரஸ்ட் பொதுவாக லைப்ரரிகளைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடும். பகிர்ந்துகொள்ள வேண்டுமானால் ஒரு பதிப்பு கம்பைல் செய்த லைப்ரரியை அடுத்த பதிப்பு கம்பைல் செய்த புரோகிராம் புரிந்துகொள்ள வேண்டும். ரஸ்ட் அந்த உறுதியைத் தருவதில்லை. எனவே டெபியனின் ரஸ்ட் குழு ஒரு நடுவழி கண்டது. லைப்ரரிப் பொதிகளில் மூலநிரலை மட்டும் வைப்பது; எந்தப் புரோகிராமுக்குள் எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பு கலந்திருக்கிறது என்று பொதியிலேயே பதிந்துவைப்பது. ஒரு லைப்ரரியில் ஓட்டை தெரிந்தால் அந்தப் பதிவைப் பார்த்து, பாதிக்கப்பட்ட புரோகிராம்களை மட்டும் மறுபடி கட்டலாம். ஒரே லைப்ரரியின் பல பதிப்புகள் தேவைப்படும்போது, முடிந்தவரை எல்லாப் புரோகிராம்களையும் ஒரே பதிப்புக்கு இணங்க வைக்கிறார்கள். அதற்காக எழுதிய திருத்தங்களை மூல ஆசிரியர்களுக்கே அனுப்பிவைக்கிறார்கள். அந்தத் திருத்தங்களால் டெபியனைப் பார்த்தே இராதவர்களும் பயன்பெறுகிறார்கள்.

பழைய கணினிக்கும் இடம் உண்டா?

டெபியன் ஒரே வகைப் பிராசசருக்கு மட்டும் உரியது அன்று. மேசைக்கணினி, கைபேசிகளில் உள்ள ஆர்ம், பெரிய ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்று பலவற்றுக்கும் ஒரே மூலநிரலிலிருந்து பொதிகள் கட்டப்படுகின்றன. டிரிக்ஸியில் ரிஸ்க்-5 முதன்முறையாக அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. இவற்றுக்கு வெளியே, பழைய அமிகா, அடாரி, மேக்கின்டோஷ் கணினிகளின் மோட்டரோலா 68000 குடும்பத்துக்கும், டெக் நிறுவனத்தின் ஆல்ஃபாவுக்கும், ஹெச்பியின் பிஏ-ரிஸ்க்குக்கும் ஆர்வலர்கள் டெபியனை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

ஜிசிசி இந்தப் பிராசசர்கள் அனைத்தையும் அறியும். ரஸ்ட் சார்ந்திருக்கும் எல்எல்விஎம் அறிந்தவை குறைவு. 2021 பிப்ரவரியில் பைத்தான் மொழியின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி, தன்னைக் கட்டுவதற்கு ரஸ்ட்டைக் கேட்கத் தொடங்கியபோது இந்த வேறுபாடு வலித்தது. எண்ணற்ற புரோகிராம்கள் நம்பியிருக்கும் அந்த லைப்ரரியின் புதிய பதிப்புகள், ரஸ்ட் போகாத கணினிகளுக்கு நாளடைவில் எட்டாமல் போயின. நினைவகத் தவறுகளால் வரும் ஓட்டைகளை அடைக்கத்தான் அந்த ஆசிரியர்கள் ரஸ்ட்டைத் தேர்ந்தார்கள். அவர்கள் நோக்கமும் நல்லதே. கைவிடப்பட்டவர்களின் வருத்தமும் நியாயமே. அதே ஆண்டில் தன்னார்வலர்கள் மோட்டரோலா 68000க்கான ஆதரவை எல்எல்விஎம்முக்குள் சேர்த்தார்கள். ஜிசிசிக்கு ஒரு ரஸ்ட் முகப்பை எழுதும் வேலையும் நடந்துவருகிறது.

பொதிகளை இறக்கி நிறுவும் டெபியனின் மையக் கருவியான ஏபிடியே இப்போது ரஸ்ட்டை நோக்கி நகர்கிறது. 2026 மே மாதத்துக்கு முன் அது கட்டாயமாகாது, ஆனால் அதன் பிறகு ஏபிடிக்கு ரஸ்ட் தேவைப்படும் என்று 2025 அக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. இனி ரஸ்ட் ஓடாத கணினியில் டெபியனும் தொடர்வது கடினம். மொழியைப் பொதியாக்கும் வேலை, எந்தக் கணினி வாழும், எது ஓயும் என்று தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

யாருக்குச் சொந்தம்?

2020 ஆகஸ்டில் மொசில்லா நிறுவனம் ஏறத்தாழ 250 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. ரஸ்ட்டோடு நெருங்கிய பலரும் அதில் இருந்தார்கள். ரஸ்ட் என்ன ஆகும் என்ற கவலை எழுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தனி அறக்கட்டளை உருவாகி மொழி நிலைபெற்றது. வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தாலும் ரஸ்ட் அழிந்திருக்காது என்று சொல்ல ஓர் உறுதியான காரணம் உண்டு. டெபியனின் களஞ்சியத்தில் கம்பைலர் இருக்கிறது, அதன் மூலநிரல் இருக்கிறது, அதைக் கட்டும் கருவிகள் இருக்கின்றன, கட்டும் முறையும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உருவாக்கியவர்களின் சர்வர் நாளை அணைந்தாலும் யாரோ ஒருவர் அந்த மொழியை மறுபடி கட்டலாம்.

பொதி பராமரிப்பவரின் வேலை இந்த உறுதியை நமக்குத் தருகிறது. 'என் கணினியில் ஓடுகிறது' என்று ஒரு நிரலாளர் சொல்வதை, 'எவர் கணினியிலும் மூலநிரலிலிருந்து மறுபடி பிறக்கும்' என்று ஆக்கிக் காட்டுகிறார்கள். வங்கியும் தேர்தலும் மருத்துவப் பதிவும் மென்பொருளை நம்பி நடக்கும் காலத்தில் இது ஒரு பொதுப்பணி. பள்ளியையும் நூலகத்தையும் எப்படிப் பேணுகிறோமோ, அப்படியே இந்தப் பணியையும் சமூகம் பேண வேண்டும். அரசு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இவர்களின் உழைப்பைப் பயன்படுத்துவதோடு நிற்காமல் ஆளும் பொருளும் கொடுத்துத் துணை நிற்க வேண்டும்.

இளைஞர்களுக்கும் இதில் இடம் உண்டு. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்களின் மாநாடு ஒன்று நடந்தது. பொதி கட்டப் பெருநகரமோ பெரிய நிறுவனமோ தேவையில்லை. பொறுமையும், பிறர் எழுதிய நிரலை மதித்துப் படிக்கும் குணமும் போதும். ஒரு சிறு லைப்ரரியைப் பொதியாக்கத் தொடங்குகிறவர், உரிமம் படிப்பதையும் பிழை தேடுவதையும் திருத்தத்தை மூல ஆசிரியருக்கு அனுப்புவதையும் அந்த ஒரு வேலையிலேயே கற்றுக்கொள்கிறார்.

இனி ஒரு புதிய நிரல்மொழியை யாராவது புகழ்ந்தால், அதன் வேகத்தையும் அழகையும் கேட்டுவிட்டு இன்னொன்றையும் கேளுங்கள்: இதை உருவாக்கியவர்களின் உதவி இல்லாமல், மூலநிரலை மட்டும் வைத்துக்கொண்டு, என்னால் இதை முழுவதுமாகக் கட்ட முடியுமா? முடியும் என்ற விடை கிடைக்கும் மொழிதான் நமக்குச் சொந்தமான மொழி.